ஊர்முனைச் சிலையை எப்படிப் படிப்பது?

(குருபரப்பள்ளியில் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஷிப்ட் முடித்து நேராக இங்கே வந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் தொடங்குகிறேன். கலையைப் பகுத்துப் பார்ப்பதற்கான அடிப்படைக் கூறுகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஓவியக் கல்லூரியில் முதலாண்டில் சொல்லித்தரும் பாடம்தான் இது. கோடு, உருவம், திரட்சி, இடம், நிறம், ஒளிநிழல், மேற்பரப்பு என்று ஏழு கூறுகள். எந்த ஓவியத்தையும் சிற்பத்தையும் இந்த ஏழாகப் பிரித்துப் பார்க்கலாம்.

பாடப்புத்தகங்களில் இதற்கு ஐரோப்பிய ஓவியங்களை எடுத்துக்காட்டாகக் கொடுப்பார்கள். நம் ஊர் ஆசிரியராக இருந்தால் தஞ்சாவூரையும் மாமல்லபுரத்தையும் சேர்த்துக்கொள்வார். நான் எடுத்துக்கொள்ளப்போவது ஊர்முனையில் நிற்கும் சிமெண்ட் அம்பேத்கர் சிலையை.

காரணம் இருக்கிறது. இந்தச் சிலைகளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. முகம் அவரைப் போலவே இல்லை, கை உடம்புக்குப் பொருந்தவில்லை, பெயிண்ட் கண்ணைக் குத்துகிறது என்பார்கள். நம்மைப் பிடிக்காதவர்கள் மட்டும் இப்படிப் பேசுவதில்லை. நம்மில் படித்து வேலைக்குப் போனவர்களும் கொஞ்சம் கூச்சத்தோடு இதையே சொல்கிறார்கள். இதற்குக் கோபத்தால் பதில் சொல்லலாம். கண்ணால் பார்த்து, காரணம் காட்டியும் பதில் சொல்லலாம். இரண்டாவது வழிக்குத்தான் இந்த ஏழு கருவிகளும் தேவைப்படுகின்றன.

ஒரு விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கலைப்பொருளின் முன் நின்றால் முதலில் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். பிறகு, அது பார்ப்பவரை என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். நன்றா தீதா என்ற தீர்ப்பு கடைசியில்தான். சாதி இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. அதில் தீர்ப்பு முதலில் வந்துவிடும், பார்ப்பது நடக்கவே நடக்காது. ஆகவே, முதலில் பார் என்று சொல்லும் இந்த எளிய ஒழுங்கே நமக்கு அரசியல்தான்.

கோட்டிலிருந்து தொடங்குவோம். இங்கே ஐடிஐ முடித்தவர்கள் இருக்கிறீர்கள். கோடு பேசும் என்பது உங்களுக்குப் புதிதல்ல. எஞ்சினியரிங் டிராயிங்கில் கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு அழுத்தமான கோடு. பின்னால் மறைந்திருக்கும் விளிம்புக்கு விட்டுவிட்டுப் போடும் கோடு. மையத்தைக் காட்ட நீளமும் குட்டையும் மாறிமாறி வரும் கோடு. கோட்டின் தடிமனை மாற்றினால் பொருளே மாறிவிடும். கலையிலும் அப்படித்தான். படுக்கைக் கோடு ஓய்வைச் சொல்லும். செங்குத்துக் கோடு உறுதியைச் சொல்லும். சாய்ந்த கோடு அசைவைச் சொல்லும். சென்னை மெரினாவில் 1959-ல் வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் பாறையைப் பெயர்க்கிறார்கள். உடம்புகள் சாய்ந்து முன்னுக்குத் தள்ளுவதால்தான் அசையாத வெண்கலத்திலும் நமக்கு மூச்சு முட்டுகிறது.

இப்போது நம் சிலைக்கு வாருங்கள். உடம்பு முழுக்கச் செங்குத்து, தூண் மாதிரி. அதில் ஒரே ஒரு சாய்ந்த கோடுதான் உண்டு. நீட்டிய வலக்கை. சிலையின் அசைவு மொத்தமும் அந்தக் கையில் இருக்கிறது. தோளில் புறப்பட்டு, விரல்நுனியில் முடியாமல், நம் கண்ணை இழுத்துக்கொண்டு வெளியே போகிறது அந்தக் கோடு. உடைக்கப்பட்ட சிலைகளின் செய்திப் படங்களைப் பாருங்கள். பலவற்றில் தலையோ கையோ விரலோ போயிருக்கும். உடைப்பவருக்கு ஓவியப் பாடம் தெரியாது. ஆனாலும் அந்தக் கோடு என்ன சொல்கிறது என்பது நன்றாகவே புரிந்திருக்கிறது.

கோட்டைப் பற்றிப் பேசும்போது நாக்பூரில் பிறந்த தலித் ஓவியர் சவி சாவர்கரைச் சொல்லாமல் போக முடியாது. பெயரைக் கேட்டுக் குழம்பிவிடாதீர்கள், இவர் நம்மவர். எச்சில் தரையில் விழக் கூடாதென்று கழுத்தில் கலயம் கட்டித் தொங்கவிடப்பட்ட மனிதர்களை அவர் வரைந்தார். அவர் கோடு கறுப்பாக, கனமாக, சொரசொரப்பாக இருக்கும். அந்த வாழ்க்கையை மெல்லிய, வழுவழுப்பான கோட்டால் வரைந்தால் அது பொய்யாகிவிடும்.

அடுத்தது உருவம். உட்புற விவரங்களை எல்லாம் நீக்கிவிட்டு வெளிவரை மட்டும் வைத்தால் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் உருவம். நம் ஊர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் பெங்களூரு பஸ்ஸில் போகிறீர்கள். வண்டி வேகமாகப் போகிறது. ஒரு சிலை கண்ணில் பட்டு மறைகிறது. யார் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். மூக்கையும் காதையும் பார்த்தா சொன்னீர்கள்? கண்ணாடியின் இரண்டு வட்டங்கள், கோட்டின் கழுத்தில் விரியும் கோணம், அணைத்துப் பிடித்த புத்தகத்தின் செவ்வகம், நீட்டிய கை. இந்த நான்கும் போதும்.

முகம் அவரைப் போல இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. அதற்கு இந்த மண்ணிலேயே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சாட்சி உண்டு. நடுகல். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் நடுகற்களுக்குப் பேர்போனவை. பக்கத்துச் சின்னகொத்தூர், 13ஆம் நூற்றாண்டில் ஒய்சள அரசன் வீரராமநாதன் இருந்து ஆண்ட குந்தாணி. அங்கும் நடுகற்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். ஒரு கையில் வில், மறு கையில் வாள் அல்லது அம்பு, மடங்கிய முழங்கால், சில கற்களில் உடம்பில் தைத்த அம்புகள். முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு குழி, ஒரு மேடு, அவ்வளவுதான். அந்த வீரனின் முகச்சாயல் அதில் இருக்கிறதா என்று எந்த ஆய்வாளரும் குறை சொன்னதில்லை. அவன் என்ன செய்து செத்தான் என்பதை உருவம் சொல்லிவிடுகிறது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. கோவிவன் என்ற அதன் பெயர்கூடக் கல்லில் இருக்கிறது. நினைவுச் சிற்பத்தின் வேலை செய்த செயலை நினைவில் நிறுத்துவது. நடுகல்லுக்குப் பொருந்தும் அளவுகோல் சிமெண்ட் சிலைக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போகிறது?

உருவத்தின் பலம் என்ன என்பதற்கு நம் பகுதியிலேயே ஒரு கொடுமையான சாட்சியும் உண்டு. 2018 நவம்பரில் சாதி கடந்து மணம் செய்துகொண்ட ஓசூர்ப் பக்கத்து இணையரைக் கொன்று, கர்நாடகத்தில் காவிரியில் வீசினார்கள். உங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. அடையாளம் தெரியாத உடலாகப் போயிருக்க வேண்டிய அந்தத் தம்பியின் பனியனில் அம்பேத்கர் படம் இருந்தது. ஜெய்பீம் என்ற எழுத்தும் ஊர்ப் பெயரும் இருந்தன. அதைப் பிடித்துக்கொண்டுதான் காவல்துறை ஊருக்கு வந்து சேர்ந்தது. பனியனில் அச்சடித்த படத்தை மலிவான கலை என்பவர்கள், அது என்ன சாட்சி சொன்னது என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

மூன்றாவது திரட்சி. டிராயிங்கில் பிளான், எலிவேஷன் இரண்டும் உருவம். அதை வைத்து லேத்தில் கடைந்து கையில் எடுக்கிறீர்களே, அந்தப் பொருளுக்கு இருப்பது திரட்சி. நீளம், அகலம், ஆழம் மூன்றும் அதில் உண்டு. நடுகல் ஒரு பக்கம் பார்க்கும் புடைப்புச் சிற்பம். நம் சிலை சுற்றிவந்து பார்க்கும் முழுச் சிற்பம். அம்பேத்கர் உயிரோடு இருந்தபோதே, 1950-ல், கோலாப்பூர் பிந்து சௌக்கில் அவருக்கு வைத்த சிலை மார்பளவு. நாடாளுமன்ற வளாகத்தில் 1967-ல் திறந்த வெண்கலச் சிலை முழு உருவம். சிற்பி பி.வி. வாக். வலக்கை விரல் நீட்டியிருக்கும், இடக்கையில் அரசமைப்புச் சட்டம் இருக்கும். நாம் ஊர்ஊராகப் பார்ப்பது இந்தத் தோரணையைத்தான்.

ஊர்ச் சிலையை எப்படிச் செய்கிறார்கள்? கம்பி கட்டி, வலை சுற்றி, கலவை பூசி, காயக் காயச் செதுக்கிக் கொண்டு வருகிறார்கள். கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பமும் ஏறக்குறைய இதே வழியில்தான் உருவாகிறது. உள்ளே ஆதாரம், மேலே சாந்து, அதற்கு மேல் வண்ணம். கோபுரத்தில் இருந்தால் அது மரபுக்கலை, செய்தவர் ஸ்தபதி. தெருமுனையில் இருந்தால் பொம்மை, செய்தவர் கொத்தனார். செய்முறை ஒன்றாக இருக்கும்போது பெயர் மட்டும் ஏன் மாறுகிறது? யார் செய்தார், யாருக்காகச் செய்தார் என்று பார்த்து மதிப்புப் போடும் பழக்கத்துக்கு நம் நாட்டில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது.

நான்காவது இடம். உருவங்களுக்கு நடுவிலும் சுற்றிலும் உள்ள வெளியை இப்படிச் சொல்கிறோம். இதில் நாம் எல்லோருமே நிபுணர்கள். ஊர் எங்கே முடிகிறது, சேரி எங்கே தொடங்குகிறது என்று பலகை வைக்காமலே தெரிந்துகொண்டு வளர்ந்தவர்கள் நாம். கர்நாடகத்திலும் இந்த எல்லைப் பகுதியிலும் மூன்று அடுக்கு நடுகற்கள் உண்டு. கீழடுக்கில் போர், நடு அடுக்கில் வீரனைத் தேவமகளிர் தூக்கிச் செல்வது, மேலடுக்கில் அவன் தெய்வத்தின் முன் இருப்பது. கல்லில் மேலே ஏறுவதுதான் தகுதி உயர்வு. இடமே அங்கு கதை சொல்கிறது. மாரி செல்வராஜின் பரியேறும் பெருமாள் படத்தின் கடைசியில் இரண்டு தேநீர்க் குவளைகள், நடுவில் ஒரு மல்லிகைப் பூ. பேச்சே இல்லை. இரட்டைக் குவளையின் வரலாறு தெரிந்தவருக்கு, அந்த இரண்டு குவளைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிதான் முழுப் படமும்.

சிலைக்கும் இதே கணக்குத்தான். ஒரே சிலை சேரிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு வந்தால் பிரச்சினை. சிலையில் எதுவும் மாறவில்லை, மாறியது இடம்தான். 2024 ஜூனில் நாடாளுமன்ற வளாகத்தில் அம்பேத்கர், காந்தி சிலைகள் இருந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, பிரேரணா ஸ்தல் என்ற பகுதியில் மற்றச் சிலைகளோடு வைக்கப்பட்டபோது எதிர்க்கட்சிகள் கேள்வி எழுப்பினவே, அதுவும் இடம் பற்றிய கேள்விதான். போராட்டம் நடத்தும் இடத்தில் நிற்கும் சிலையும், பார்வையாளர் சுற்றிப் பார்க்கும் இடத்தில் நிற்கும் சிலையும் ஒரே வெண்கலமாக இருந்தாலும் ஒரே சிற்பம் அல்ல. அளவும் இடத்தைச் சேர்ந்ததே. 2023 ஏப்ரல் 14 அன்று ஹைதராபாத்தில் 125 அடிச் சிலை திறந்தார்கள். அதைப் பார்க்க எல்லோரும் அண்ணாந்தாக வேண்டும். எழுந்து நிற்கும் உயரத்துக்கே தண்டனை கிடைத்த மக்களின் தலைவருக்கு அந்த உயரம் ஒரு பதில். ஆனால் ஏணி வைத்து ஏறி மாலை போட்டு, கண்ணுக்குக் கண் பார்த்துவிட்டு இறங்கும் ஊர்ச் சிலையின் நெருக்கம் அதில் கிடைக்காது. எது உயர்ந்தது என்பதைவிட, எந்த அளவு எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்று கேட்பதே பகுப்பாய்வு.

ஐந்தாவது நிறம். நீலம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அம்பேத்கர் 1942-ல் தொடங்கிய பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் கொடி நீலம் என்பது அவற்றில் முக்கியமானது. இன்று கோட்டு நீலமாக இருந்தாலே போதும், சிலை யாருடையது என்று தெரிந்துவிடுகிறது. இங்கே ஒரு தம்பி கேட்கக்கூடும்: பள்ளிக்கூடத்தில் கையில் கட்டும் கலர் கயிறும் நிறம்தானே, அது தப்பு, இது சரியா? நல்ல கேள்வி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் வந்த அறிக்கை, மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. நிறத்துக்கென்று பிறவிக் குணம் கிடையாது. அது யாரை நோக்கி, எதற்காகப் பயன்படுகிறது என்பதிலிருந்துதான் பொருள் வருகிறது. சாதிக் கயிற்றின் நிறம், நீ யார் வீட்டில் பிறந்தாய் என்று கேட்கிறது. அதைப் பிறப்பால் மட்டுமே கட்ட முடியும். நீலம், நீ எதை ஏற்கிறாய் என்று கேட்கிறது. சாதியை விட்டவர் யாரும் அதை எடுத்துக்கொள்ளலாம். நீலத்தையும் ஒரு சாதியின் வேலியாக நாம் சுருக்கினால், அன்றைக்கு அதுவும் கயிறாகிவிடும். தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறச் சட்டை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறு நிறம் என்று பார்க்கிறீர்களே, அங்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

ஆறாவது ஒளிநிழல், அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது. இதில் நம் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தெய்வப் படங்களை அச்சடித்துப் பரப்பினார். கோயிலுக்குள் விடப்படாதவர் வீட்டுச் சுவருக்கும் சாமி வந்தது அந்த அச்சால்தான், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வெளிச்சமான தோல்தான் தெய்வத்தன்மை என்ற பழக்கமும் கூடவே சுவரேறியது. அரக்கர் என்றால் கறுப்பு, தேவி என்றால் ரோஜா வெள்ளை. அந்தப் பழக்கம் நம் சிலைகளிலும் இருக்கிறது. கோட்டுக்கு அழுத்தமான நீலம் பூசிவிட்டு, முகத்துக்கு ரோஸ் கலந்த வெள்ளையை எடுக்கிறோம். யார் அப்படிச் சொன்னது? ரஞ்சித்தின் காலா படத்தில் வெள்ளையும் தூய்மையும் வில்லன் பக்கம், கறுப்பு நாயகன் பக்கம். அந்தப் படத்துக்கு விசில் அடித்த நாம், அடுத்த முறை பெயிண்ட் வாங்கும்போது அதை நினைவில் வைக்கலாம்.

ஏழாவது மேற்பரப்பு. வழுவழுப்பா, சொரசொரப்பா, பளபளப்பா என்பது. மேற்பரப்பின் நேர்த்தியை மைக்ரானில் அளக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெண்கலம் பாசி பிடித்தால் மதிப்புக் கூடுகிறது. கல் தேய்ந்தால் பழமை என்று வணங்குகிறார்கள். சிமெண்டில் பெயிண்ட் உரிந்தால் மட்டும் அசிங்கம். ஆனால் அந்த எனாமல் பளபளப்புக்குப் பின்னால் ஒரு செயல் இருக்கிறது. ஒவ்வோர் ஏப்ரலிலும் தெருவே காசு போட்டு, கழுவி, மறுபடி வண்ணம் பூசுகிறது. நடுகல்லுக்கு எண்ணெயும் மஞ்சளும் பூசுவதும் இதே உறவுதான். அருங்காட்சியகத்தில் தொடாதீர்கள் என்று எழுதி வைத்திருப்பார்கள். இது தொட்டுக் காக்கும் சிற்பம். தீண்டாமையை எதிர்த்தவரின் சிலையை வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் கைகளும் தொடுகின்றன. இந்தச் சிலையின் மேற்பரப்பில் நான் படிப்பது இதைத்தான்.

ஏழும் முடிந்தது. இவற்றை வைத்து இப்போது கூண்டைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் எத்தனையோ அம்பேத்கர் சிலைகள் இரும்புக் கூண்டுக்குள் நிற்பதை நாம் அறிவோம். பாதுகாப்பு என்கிறார்கள். பாதுகாப்புத் தேவைப்படுகிறது என்பதும் உண்மை. 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் சிலையை உடைத்தார்கள், மறுநாளே அரசு புதுச் சிலை வைத்தது. ஆனால் கூண்டு ஒரு சிற்பத்தை என்ன செய்கிறது? நீட்டிய கையின் சாய்ந்த கோட்டை, கம்பிகளின் செங்குத்துக் கோடுகள் வெட்டுகின்றன. தூரத்தில் தெரிய வேண்டிய உருவம் கம்பிக்குள் கலைந்துபோகிறது. சுற்றிவந்து பார்க்க வேண்டிய திரட்சி தட்டையாகிறது. வெளி சுருங்குகிறது. முகத்தின் மேல் கம்பி நிழல் விழுகிறது. கிட்டப் போய்த் தொட முடியாது. மிஞ்சுவது நிறம் மட்டும்தான், கம்பிக்குள்ளிருந்தும் நீலம் தெரிகிறது. ஆக, உடைக்காமலே ஏழில் ஆறைக் கூண்டு பறித்துக்கொள்கிறது. தாக்குபவரைப் பிடித்து உள்ளே வைக்க வேண்டிய அரசு, தாக்கப்படுபவரை உள்ளே வைத்திருக்கிறது என்று நாம் மேடையில் சொல்கிறோம். இனி அதைச் சிற்பக்கலையின் கணக்கிலும் சொல்லலாம். மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவில் பாதுகாப்புக்குக் கேமராவும் விளக்கும் காவலும் கேளுங்கள். கூண்டு ஏன் கூடாது என்பதற்கு இந்த ஆறு காரணங்களையும் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. அடுத்து உங்கள் ஊரில் சிலை வைக்கவோ, சுவரில் படம் வரையவோ, ஃபிளெக்ஸ் அடிக்கவோ குழு கூடும்போது, வசூல் கணக்கோடு இந்த ஏழையும் பேசுங்கள். கை எங்கே நீள்கிறது? தூரத்திலிருந்து என்ன தெரியும்? பின்பக்கம் எப்படி இருக்கும்? எந்த இடம், எவ்வளவு உயரம்? முகத்துக்கு என்ன நிறம்? சாயங்கால வெளிச்சம் எங்கே விழும்? அடுத்த வருடம் யார் வண்ணம் பூசுவார்கள்? சிலை செய்ய வரும் மேஸ்திரியையும் உட்கார வைத்துக் கேளுங்கள். அவர் பெயரைப் பீடத்தில் பொறியுங்கள். நன்கொடையாளர் பெயர் இருக்கிறது, திறந்துவைத்தவர் பெயர் இருக்கிறது. செய்த கையின் பெயர் மட்டும் இல்லாத பீடங்கள்தான் ஏராளம்.

ரசனை என்பது சில வீடுகளில் பிறவியிலேயே வந்துவிடும் என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். அது கற்றுக்கொள்ளும் விஷயம். ஒரு மாலையில் தொடங்கலாம் என்பதற்கு நீங்கள் இங்கே உட்கார்ந்திருப்பதே சாட்சி. போகும் வழியில் சிலை இருந்தால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பார்த்ததை நாளைக்கு டீக்கடையில் பேசுங்கள்.